பொன் எடுத்த கைகளும் நோய் சுமந்த நெஞ்சும்

காசநோய்க்கு உலக மொழிகள் இட்டிருக்கும் பெயர்களை ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலனாகும். நம் முன்னோர் இதனை என்புருக்கி நோய் என்றனர். வடமொழியாளர் க்ஷயம், அஃதாவது தேய்வு என்றனர். கிரேக்கரும் தேய்தல் என்னும் பொருள்படவே ‘ப்திசிஸ்’ என வழங்கினர். அரபு மொழியில் இதன் பெயர் ‘ஸில்லு’ என்பதாகும். ‘ஸல்ல’ என்னும் வினைச்சொல்லுக்கு உறையிலிருந்து வாளை உருவுதல், ஒன்றை மெல்ல வெளியே இழுத்தெடுத்தல் என்று பொருள். அவ்வேரோடு இயைந்தே ‘ஸில்லு’ என்னும் பெயரும் நிற்கிறது. உடலினின்றும் உயிரைச் சிறிது சிறிதாக உருவி எடுக்கும் நோய் என்பது கருத்து. மருத்துவப் பேரறிஞர் இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் இதனை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய்களுள் ஒன்றாக எண்ணினார். அந்தத் தொற்றுக்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது 1882 மார்ச் 24ஆம் நாளில்தான்.

கிருமி தெரிந்த பின்னர் ஒரு புதிய கேள்வி எழுந்தது. பிழைப்பு நாடி ஊர் விட்டு ஊர் செல்வோரிடத்தில், நாடு விட்டு நாடு செல்வோரிடத்தில் இந்நோய் இருக்கிறதா என்று சோதித்தறியலாம், சரி. இருப்பதாகக் கண்டுவிட்டால் அந்த மனிதனை என்ன செய்வது? வாயிற்படியிலிருந்தே திருப்பி அனுப்புவதா? உள்ளே அழைத்து மருந்து கொடுப்பதா? அவன் நோயுறக் காரணமான தொழில் நம்முடையதாகவே இருந்தால் நமது கடமை என்ன? அமெரிக்க ஐக்கிய நாடு 1907ஆம் ஆண்டுச் சட்டத்தில் காசநோயாளரை நாட்டிற்குள் நுழைய விடலாகாதோர் பட்டியலில் சேர்த்தது. கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளுக்கு அஃது ஓர் அடைத்த கதவு. ஆனால் இக்கேள்விக்கு வரலாற்றில் மிக நீண்டதும் மிகக் கசப்பானதுமான விடையைத் தந்த நாடு தென்னாப்பிரிக்கா. அந்நாட்டின் தங்கச் சுரங்கங்களின் கதையே ஈண்டு நாம் காணப் புகுவது.

பொன்னும் ஆளும்

1886ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரண்டு என்னும் மேட்டுநிலத்தில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஜொஹானஸ்பர்க் நகரம் பிறந்தது அதனால்தான். உலகின் மிகப் பெரும் தங்கப் படிவம் அது. ஆயினும் அங்குள்ள பாறையில் தங்கம் மிகச் சன்னமாகவே விரவிக் கிடந்தது. அதுவும் மண்ணுக்கு வெகு ஆழத்தில். மலை மலையாகப் பாறையை உடைத்து மேலே கொணர்ந்தாலன்றிச் சிறிதளவு பொன்னும் கிட்டாது. பொன்னின் விலையோ உலகச் சந்தையில் நிலையாகக் கட்டப்பட்டிருந்தது. சுரங்க முதலாளி தம் விருப்பம்போல் அதனை உயர்த்த இயலாது. எனவே இலாபம் காண அவர் முன்னிருந்த வழி ஒன்றே: ஏராளமான ஆட்களை மிகக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்வது.

அந்த ஆட்களைத் திரட்டுவதற்கென்றே சுரங்க உரிமையாளர்கள் ஒன்றுகூடி 1900இல் ஓர் ஆள்சேர்ப்புச் சங்கத்தை நிறுவினர். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு மக்கள் அதனை ‘வெனேலா’ என்றழைத்தனர். மொசாம்பிக்கிலும் அதற்கு வடக்கேயுள்ள நாடுகளிலும் அது ஆள் சேர்த்தது. 1912இல் பிறந்த மற்றொரு கழகம் தென்னாப்பிரிக்காவின் கிராமங்களிலும், இன்று லெசோத்தோ, எஸ்வாத்தினி, போட்ஸ்வானா என வழங்கும் நாடுகளிலும் ஆள் சேர்த்தது. தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி வந்து ஆள்கட்டிச் சென்ற வரலாற்றை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று.

வரியும் வறட்சியும் துரத்த, இளைஞர்கள் ஒப்பந்தத்தில் கைநாட்டிட்டுப் புறப்பட்டனர். ஓராண்டோ அதற்குச் சற்று முன்பின்னோ உழைப்பு, பின்பு ஊர், மறுபடி ஒப்பந்தம். வாழ்நாளின் வலிமையான ஆண்டுகளெல்லாம் இவ்வாறு போக்கிலும் வரவிலும் கழிந்தன. மனைவி மக்களை உடனழைத்து வர இசைவில்லை. ‘கம்பவுண்டு’ எனப்பட்ட மதில் சூழ்ந்த விடுதிகளில், ஓர் அறையில் பலராக, அடுக்குப் படுக்கைகளில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் 1880களில் தோன்றிய ஏற்பாடு இது. தங்கச் சுரங்கங்கள் அதனைத் தம் வசதிக்கேற்ப மேற்கொண்டன.

தூசியின் செயல்

சுரங்கத்தில் நோய் எவ்வாறு விளைந்தது என்பதை இங்கே சற்று விளக்குதல் தகும். அப்பாறைகளில் ‘சிலிக்கா’ என்னும் படிகப் பொருள் மிகுதி. அழுத்தக் காற்றினால் இயங்கும் துளைப்பொறிகள் 1890களில் சுரங்கங்களில் பரவின. கைச்சுத்தியல் எழுப்பாத நுண்ணிய தூசியை அவை மேகமாக எழுப்பின. கண்ணுக்குப் புலப்படாத அத்துகள்கள் நுரையீரலின் ஆழத்தைச் சென்றடைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. நுரையீரலில் அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்கள் உண்டு. சிலிக்காத் துகளை விழுங்கும் அணு, அதனை அழிக்க மாட்டாமல் தானே அழிகிறது. அழிந்த இடத்தில் வடு விழுகிறது. நாளடைவில் நுரையீரல் நார்பிடித்து இறுகிவிடும். இதற்கே சிலிகோசிஸ் என்று பெயர்.

காசநோய்க் கிருமியைப் பிடித்து அடக்கி வைப்பவையும் இதே காவல் அணுக்கள்தாம். கிருமி புகுந்த உடல்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் நோயுறுவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேற்படாமலே நோய் வெளிப்படுகிறது. காவல் பழுதற்று இருக்கும் வரைக்குமே அந்தக் கணக்கு. தூசியினால் காவலிழந்த நுரையீரலில் உறங்கிக் கிடந்த கிருமி விழித்தெழுகிறது. சிலிகோசிஸ் உடையவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு மிகுதி. சுரங்க வேலையை விட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னரும் இந்த ஆபத்து நீங்குவதில்லை, தூசி நெஞ்சிலேயே தங்கிவிடுகிறதாதலால்.

இதன் கொடுமை முதலில் வெளிப்பட்டது வெள்ளையரிடத்தில். 1899 முதல் 1902 வரை நடந்த போரின்போது சுரங்கங்கள் மூடிக்கிடந்தன. போர் முடிந்து கணக்கெடுத்தபோது, போருக்கு முன் துளைப்பொறி இயக்கிய 1,377 பேரில் 225 பேர் இறந்துவிட்டிருந்தனர். அவர்களுள் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த, வயதில் இளைய, கைதேர்ந்த சுரங்கத் தொழிலாளர். அரசு உடனே விசாரணைக் குழு அமைத்தது. தூசியை அடக்க நீர் தெளித்தல் முதலிய விதிகள் பிறந்தன. 1911லும் 1912லும் இழப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. 1916இல் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்ந்து சான்றளிக்கத் தனி மருத்துவச் செயலகம் ஒன்று தோன்றியது. உலகில் தொழில்நோய்க்காக அமைந்த மிகப் பழைய ஏற்பாடுகளுள் இஃது ஒன்று எனலாம். 1930இல் சிலிகோசிஸ் பற்றிய அனைத்துலக மாநாடு கூடியதும் ஜொஹானஸ்பர்க் நகரில்தான். அறிவுக்குக் குறைவில்லை, ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. குறை வேறோரிடத்தில் இருந்தது.

இருவகைச் சோதனை

வெள்ளைத் தொழிலாளருக்குச் செயலகத்தின் மருத்துவர் சோதனை செய்தார். வேலையில் சேருமுன் எக்ஸ்ரே படம்; சேர்ந்த பின்னரும் குறித்த காலந்தோறும் படம். நோய் தொடங்கியது தெரிந்தால் சான்றிதழ் உண்டு, ஓய்வூதியம் உண்டு.

கறுப்பினத் தொழிலாளரின் நிலை இதற்கு முற்றிலும் மாறானது. ஆள்சேர்ப்புச் சங்கத்தின் விடுதியில் நூற்றுக்கணக்கானோர் உடை களைந்து வரிசையில் நிறுத்தப்படுவர். மருத்துவர் அவ்வரிசையினூடே நடந்து செல்வார். ஒருவருக்குச் சில நொடிகள். மார்பில் குழாயை வைத்து எடுத்தால் சோதனை முடிந்தது. வேலையில் சேர்ந்த பின்னர் அவ்வப்போது எடை பார்க்கப்படும். எடை குறைந்தவரே தனியே நிறுத்தப்பட்டு மேற்கொண்டு ஆராயப்படுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், சிறு அளவிலான எக்ஸ்ரே படத்தை விரைந்தெடுக்கும் முறை பரவிய பிறகே, இலட்சக்கணக்கான கறுப்பினத் தொழிலாளரின் நெஞ்சு படம்பிடிக்கப்படலாயிற்று.

நோய் கண்டவருக்கு என்ன நேர்ந்தது? அவர் ‘தாயகம் அனுப்பப்பட்டார்.’ ஆவணங்களில் அச்சொல் எவ்வளவு மென்மையாக இருக்கிறது! இரயில் சீட்டும் ஒருமுறை தரப்படும் சிறுதொகையும் கையில் கொடுக்கப்படும். பல நேரங்களில் அத்தொகையும் இல்லை. வெள்ளையருக்கு மாதந்தோறும் ஊதியம். கறுப்பருக்கு ஒரே தடவையில் கணக்குத் தீர்ப்பு. சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருந்த இவ்வேற்றுமை 1993இல் நிகழ்ந்த திருத்தத்தினால்தான் நீங்கியது.

இந்தச் சோதனையின் நோக்கம் யாதெனச் சிந்திக்க வேண்டும். சல்லடையில் மாவைச் சலிப்பவர் நல்ல மாவைக் கொள்கிறார். கப்பியை வெளியே கொட்டுகிறார். கொட்டிய கப்பி என்னவாயிற்று என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. சுரங்கச் சோதனை அத்தகைய சல்லடையாகவே அமைந்தது. நோயாளி வெளியே சென்றுவிட்டால் சுரங்கத்தின் நோய்க்கணக்கும் சாவுக்கணக்கும் குறையும். அவர் மொசாம்பிக்கின் ஏதோ ஒரு சிற்றூரில் இறந்தால் அந்தச் சாவு எந்தச் சுரங்கத்தின் ஏட்டிலும் ஏறுவதில்லை. ‘எங்கள் சுரங்கங்களில் காசநோய் குறைந்து வருகிறது’ என்று அறிக்கை எழுத அவ்வேடு உதவியது.

கொள்கை என்னும் திரை

மனச்சான்றை அமைதிப்படுத்த ஒரு கொள்கையும் கிடைத்தது. ஆப்பிரிக்கர் காசநோய்க்குப் புதியவர். நகர நாகரிகத்தில் நெடுங்காலம் பழகிய ஐரோப்பியருக்கு வாய்த்த எதிர்ப்பாற்றல் அவர்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. ‘கன்னி நிலத்தில்’ விழுந்த விதைபோல் நோய் அவர்களிடத்தில் விரைந்து வளர்கிறது என்றனர். லைல் கமின்ஸ் முதலிய மருத்துவர்கள் இக்கருத்தை விரிவாக எழுதினர். நோய்க்குக் காரணம் அவர்தம் இனத்தின் இயல்பே என்றாகிவிட்டால், கூலியையும் உணவையும் விடுதியின் நெரிசலையும் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? நோயாளி ஊருக்குச் சென்று தூய காற்றையும் வெயிலையும் பெற்றால் தேறிவிடுவார் என்பதும் அக்கொள்கையின் மற்றொரு பகுதி.

உண்மை வேறாக இருந்தது. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1932இல் வெளியிட்ட காசநோய் அறிக்கைக்காக ஆய்வாளர்கள் கிராமங்களுக்கும் சென்றனர். ஆட்களை அனுப்பும் பகுதிகளில் வளர்ந்தோருள் பெரும்பாலோரின் உடலில் கிருமி ஏற்கெனவே புகுந்திருந்தமையைத் தோலில் செய்யும் சோதனை காட்டிற்று. ‘கன்னி நிலம்’ அங்கே எஞ்சியிருக்கவில்லை. சுரங்கத்திலிருந்து இருமிக்கொண்டு திரும்பிய ஒவ்வொருவரும் ஒரே குடிசையில் மனைவியோடும் மக்களோடும் வயது முதிர்ந்த பெற்றோரோடும் படுத்துறங்கினர். நகரம் தன் நோயை வெளியே தள்ளியபோது கிராமம் அதனை வாங்கிக்கொண்டது. அக்கிராமத்துப் பிள்ளைகளே வளர்ந்து மறுபடியும் சுரங்கத்துக்கு ஆளாகச் சென்றனர். சல்லடைக்கு வெளியே கொட்டியது சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் உள்ளே விழுந்தது.

மாற்று வழி தெரியாமலிருந்தது என்று சொல்வதற்கில்லை. பனாமாக் கால்வாய்ப் பணியில் நோய்களை அடக்கிப் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவர் வில்லியம் கோர்காசைச் சுரங்க உரிமையாளர்களே 1913இல் வரவழைத்தனர். சுரங்கங்களில் நிமோனியாக் காய்ச்சலால் ஆட்கள் மாண்டுகொண்டிருந்த காலம் அது. வெப்ப மண்டலப் பகுதிகளிலிருந்து ஆள் சேர்ப்பதை அதே ஆண்டில் அரசு தடைசெய்யவும் நேர்ந்தது. நெரிசலைக் குறையுங்கள், தொழிலாளரைக் குடும்பத்தோடு சிறு வீடுகளில் குடியமர்த்துங்கள் என்பது கோர்காஸ் கூறிய அறிவுரைகளுள் தலையாயது. அறிவுரை ஏட்டில் நின்றது. விடுதிகள் விடுதிகளாகவே நின்றன. பிற்கால இனஒதுக்கல் ஆட்சியிலோ, நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கறுப்பினத் தொழிலாளரைக் குடும்பத்தோடு குடியமர்த்தலாகாது என்பதே விதியாயிற்று.

சென்னை சொன்ன செய்தி

காலம் மாறியது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952இல் ஐசோநியாசிட் என்னும் மலிவான மாத்திரை வந்தது. உயிரை உருவியெடுத்த நோய்க்கு மனித வரலாற்றிலேயே முதன்முறையாக உறுதியான மருந்து கிடைத்துவிட்டது. எனினும் ஏழை நாடுகளின் முன்னே ஒரு மலை நின்றது. நோயாளியை ஓராண்டுக் காலம் சானடோரியத்தில் வைத்து, நல்லுணவும் ஓய்வும் நற்காற்றும் அளித்து மருத்துவம் செய்வதே முறை என்று உலகம் நம்பியது. அத்தனை படுக்கைகளுக்கு எங்கே செல்வது?

இவ்விடத்தில்தான் நம் சென்னை மாநகர் காசநோய் வரலாற்றில் அழியா இடம் பெறுகிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை முன்னின்று நடத்தினார். நகரின் ஏழை மக்களான 193 நோயாளர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குச் சென்றனர். மறு பிரிவினர் தம் நெருக்கமான வீடுகளிலேயே தங்கி, நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றனர். வீட்டுக்குச் சென்று நலம் விசாரிக்கவும், மருந்தை உண்கிறாரா என்று முன்னறிவிப்பின்றிச் சிறுநீரைச் சோதித்தறியவும் ஏற்பாடிருந்தது. சானடோரியத்தில் இருந்தோருக்கு உணவும் ஓய்வும் மிக மேலானவை.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் முடிவில் சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டுப் பிரிவில் 86 பேருக்கு அடங்கியிருந்தது. வேற்றுமை மிகச் சிறிது. அதனினும் வியப்பான செய்தி, நோயாளி வீட்டில் இருந்ததனால் அவர்தம் குடும்பத்தார் கூடுதலாக நோயுறவில்லை என்பது. மருத்துவம் தொடங்குமுன்பே தொற்றவேண்டியது பெரும்பாலும் தொற்றியிருந்தது. மருந்து உட்சென்றதும் தொற்று விரைந்து தணிந்தது. எளிய குடிசையிலும் இந்நோயைத் தீர்க்கலாம். வேண்டுவன மருந்தும், அம்மருந்து தவறாது உட்செல்லுமாறு காக்கும் மனிதரின் அக்கறையுமே என்பது சேத்துப்பட்டு உலகுக்குச் சொன்ன செய்தி. அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இச்செய்தி சுரங்கத்தாருக்கு நேரடியான ஒரு பாடம். தொழிலாளி தம் கண்காணிப்பிலேயே, தம் மருத்துவமனையின் வாயிலிலேயே வாழ்கிறான். மருந்து தவறாது கொடுக்க இதனினும் வசதியான இடம் உலகில் எங்கே கிடைக்கும்? ஆயினும் மருந்து வந்த பின்னரும் நெடுங்காலம், நோய் கண்டவரின் ஒப்பந்தத்தை முடித்து ஊருக்கு அனுப்புவதே பெருவழக்காயிருந்தது. மருந்து தொடரவேண்டிய இடமோ, மருத்துவமனை பல மைல் தொலைவிலுள்ள மலைநாட்டுச் சிற்றூர். பாதியில் நின்ற மருத்துவம் இந்நோயில் மிகக் கொடியது. எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறி மீண்டும் தலையெடுக்கின்றன. நோயுற்றவரை வேலையில் வைத்துக்கொண்டே குணப்படுத்தும் வழக்கம் சுரங்கங்களில் வேரூன்றியது, ரிபாம்பிசின் என்னும் மருந்தின் துணையால் மருத்துவக் காலம் குறுகிய பிற்காலத்தில்தான்.

புதிய நோயும் பழைய வழியும்

1980களின் இறுதியில் எச்.ஐ.வி. என்னும் புதிய கிருமி அப்பகுதியில் பரவியபோது பழைய சல்லடையே மறுபடியும் கையிலெடுக்கப்பட்டது. மலாவி நாட்டுத் தொழிலாளரைச் சோதித்து நோய்க்கிருமி உடையோரை விலக்க வேண்டும் என்னும் பிணக்கு முற்றி, அந்நாட்டிலிருந்து ஆள் சேர்ப்பதே நின்றுபோயிற்று. கிருமி அதனால் நின்றுவிடவில்லை. குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்ட ஆடவர் கூட்டமாக வாழும் விடுதிகள் இருந்தவரை அதற்கு இடமும் இருந்தது. உடலின் காவலை எச்.ஐ.வி. ஒருபுறமும் தூசி மறுபுறமும் தகர்த்தன. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே காசநோய் 1,00,000 பேருக்கு ஆண்டுதோறும் 3,000 பேருக்கு மேல் என்னும் அளவை எட்டியது. 250 பேரைத் தாண்டினாலே நெருக்கடி நிலை எனக் கருதப்படுவது இங்கே ஒப்புநோக்கத்தக்கது.

பிறகு ஒரு பெரும் முயற்சி நடந்தது. ‘திபெலா’ என்னும் பெயரால் ஏறத்தாழ 27,000 சுரங்கத் தொழிலாளரைச் சேர்த்து, சில சுரங்கங்களில் நோயுற்றோர் நோயற்றோர் என்று பாராது எல்லோரையும் சோதித்து, தகுதியுடைய யாவருக்கும் ஒன்பது மாதம் தடுப்பு மருந்து அளித்தனர். 2014இல் அதன் முடிவு வெளியாயிற்று. மருந்தை உண்ட காலம் வரை அது தனிமனிதரைக் காத்தது. நிறுத்திய பின் அந்தக் காப்பு விரைவில் மறைந்தது. சுரங்கத்தில் நோயின் மொத்த அளவு குறையவில்லை. தூசி அடங்காத இடத்தில், நெரிசல் குறையாத இடத்தில், மாத்திரையொன்றே யாவற்றையும் சரிசெய்துவிடாது என்பது அரிய பொருட்செலவில் கற்ற பாடம்.

நீதி தாமதமாக வந்தது. டிரான்ஸ்கை பகுதியின் லிபோடி மாவட்டத்தில் முன்னாள் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை சிலிகோசிஸ் உடையவராகக் காணப்பட்டனர். அவர்களுள் இழப்பீடு முழுமையாகப் பெற்றோர் மிகச் சிலரே. தெம்பெகிலே மன்காயி என்னும் தொழிலாளி 1979 முதல் 1995 வரை தங்கச் சுரங்கத்தில் உழைத்துச் சிலிகோசிசும் காசநோயும் பெற்றார். அவருக்குக் கிடைத்த சட்டப்படியான தொகை 16,320 ராண்ட். அது போதாதெனத் தம்மை வேலைக்கு வைத்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்கத் தமக்கு உரிமையுண்டு என அவர் வாதாடினார். 2011 மார்ச்சில் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. சில நாட்களுக்கு முன்பே காலமாகியிருந்தார்.

அவர் திறந்த கதவின் வழியே மற்றவர்கள் நுழைந்தனர். 2016இல் தொழிலாளர் பலரும் ஒன்றுசேர்ந்து வழக்காட ஜொஹானஸ்பர்க் உயர்நீதிமன்றம் இசைவளித்தது. 2018இல் சுரங்க நிறுவனங்கள் ஏறத்தாழ 500 கோடி ராண்ட் அளிக்க உடன்பட்டன. 2019 ஜூலையில் நீதிமன்றம் அவ்வுடன்பாட்டை ஏற்றது. 1965 மார்ச் முதல் உழைத்தோரும், மறைந்தோரின் வாரிசுகளும் அதில் அடங்குவர். இதற்கிடையே 2012இல் தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் சுரங்கத் துறையின் காசநோய் பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டு, எல்லை கடக்கும் நோயாளிக்கு இருபுறமும் மருத்துவம் தொடரவேண்டும் என்பதை ஏற்றனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், ‘தாயகம் அனுப்புதல்’ என்னும் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுதப்பட்டது.

நமக்குரிய பாடம்

நிற்க. சோதனையே தீது என்பது இக்கட்டுரையின் முடிவன்று. நெஞ்சைப் படமெடுப்பதும் சளியை ஆராய்வதும் நோயாளிக்கே முதல் நன்மை. சுற்றத்தார்க்கு அடுத்த நன்மை. சோதனைக்குப் பின்னே என்ன காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் தன்மை அமைகிறது. நோயைக் கண்டவுடன் வேலை போகும் என்று தெரிந்தால் தொழிலாளி இருமலை அடக்குவான். எடையைக் கூட்டிக் காட்டுவான். மருந்தைக் களவில் உண்பான், அல்லது உண்ணாமலே விடுவான். நோயைக் கண்டவுடன் மருந்தும், குணமான பின் அதே வேலையும் உண்டு என்று தெரிந்தால் அவனே முன்வந்து நெஞ்சைக் காட்டுவான். அச்சம் நோயை ஒளிக்கிறது. நம்பிக்கை நோயை வெளிப்படுத்துகிறது.

குடியேறிகளை ஏற்கும் நாடுகள் சிலவற்றில் இவ்வுண்மை சட்டமாகவும் உருவெடுத்திருக்கிறது. அமெரிக்கா 2007 முதல் கொண்டுவந்த விதிகளின்படி, குடியேற விண்ணப்பிப்போரிடம் நோய் காணப்பட்டால் புறப்படும் நாட்டிலேயே நேரடிக் கண்காணிப்பில் முழு மருத்துவமும் அளிக்கப்படுகிறது. குணமானவர் பயணம் தொடரலாம். 1907இல் கதவை அடைத்த நாடு, நூறாண்டு கழித்துக் கதவின் பக்கத்திலேயே ஒரு மருந்தகத்தை வைத்தது எனலாம்.

நம் ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் செல்லும் இளைஞர்களும் புறப்படுமுன் நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்கின்றனர். ‘மெடிக்கல்’ என்று தாய்மார்களும் அறிந்த சொல் அது. என்றோ வந்து ஆறிய நோயின் வடு படத்தில் தென்பட்டமையால் ‘தகுதியற்றவர்’ என்னும் முத்திரையோடு திரும்பியோர் பலர். நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியவரின் வீட்டில் அந்த ஒரு சொல் இறங்கும் பாரத்தை நாம் அறிவோம். அச்சொல்லோடு எல்லாம் முடிந்துவிடலாகாது. அவரிடம் உள்ளது பழைய வடுவா, நடப்பு நோயா என்பதைத் தெளிவாகச் சொல்லவும், நோயாயின் இலவசமாக மருந்து கிடைக்கும் அரசு மருத்துவமனைக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவும் ஒருவர் வேண்டும். அயல்நாட்டில் நோய் கண்டு திருப்பி அனுப்பப்பட்டு, வெட்கத்தால் வீட்டுக்குள்ளே ஒளிந்திருப்பவரைத் தேடிச் செல்லவும் ஒருவர் வேண்டும். அவர் அண்டை வீட்டுக்காரராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், இதை வாசிக்கும் நீங்களாகவும் இருக்கலாம்.

விட்வாட்டர்ஸ்ரண்டின் பொன் உலகின் கருவூலங்களில் இன்றும் மங்காமல் இருக்கிறது. அதனை வெட்டியெடுத்த கைகளின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. எடைபார்த்துக் குறித்து வைத்த எண்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அந்த எண்கள் குறைந்துகொண்டே வந்தபோது, குறைவதைக் கண்டவர் இருந்தனர். அம்மனிதர் எங்கே சென்றார் என்று கேட்டவர் இல்லை. கேட்கும் கடமை இப்பொழுது நம்முடையது.